தாளின் அடியில் லூதருக்கு இடம்

கிளீவ்லாந்து
9 செப்டம்பர் 2018

அன்புள்ள ஐடெல்லா அண்ணிக்கு,

கர்த்தர் கிருபையால் நாங்கள் இருவரும் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா, காதுக்கு மருந்து ஊற்றுகிறீர்களா என்று எழுதுங்கள். போனில் கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம், உங்களுக்கு ஒரு வார்த்தை கேட்டபாடில்லை. நமக்குக் கடிதம்தான் சரி.

முதலில் உங்கள் தம்பியைப் பற்றித்தான் தேடுவீர்கள் என்று தெரியும். ஜூனில் வந்த பக்கவாதம் வலது பக்கத்தைக் கொண்டுபோனது போனதுதான். பேச்சு ஒவ்வொரு சொல்லாக வருகிறது. சாப்பாட்டு அறையில் அவருக்குக் கட்டில் போட்டிருக்கிறேன். குளியலறையோ மாடியில். நானும் எங்கள் சபை ஊழியர் டீக்கன் டப்ஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரைப் படியேற்றி இறக்குவதற்குள் மூன்று பேருக்கும் உயிர் போய் வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெண் சுற்றிப் பார்த்துவிட்டு, "கீழேயே ஒரு குளியலறை வேணும்மா, வாசல்ல சக்கர நாற்காலி ஏற சரிவு வேணும். இல்லேன்னா இவரைப் பராமரிப்பு இல்லத்துலதான் விட்டாகணும்" என்று சொல்லிவிட்டாள். அதைக் கேட்டதும் உங்கள் தம்பி தெளிவாகப் பேசினார். "என் வீடு. இங்கேதான்."

வீட்டின் மேல் காலணா கடன் இல்லை. முப்பது வருஷம் இரும்பாலையில் வெந்து அவர் அடைத்தது. அதை வைத்து வங்கியில் கடன் கேட்டிருக்கிறோம். வீட்டுக்கு மதிப்புப் போட வியாழக்கிழமை ஒரு வெள்ளைக்காரப் பையன் வந்தான். உங்கள் தம்பி விடிந்ததிலிருந்து ஒரே அடம். கறுப்பு சூட்டு, டை, தொப்பி எல்லாம் போட்டால்தான் ஆயிற்று. "அப்பா... அப்படித்தான்... போவார்." வந்தவன் இவர் நீட்டிய இடது கையைப் பார்த்தான், சுவரில் இருந்த நம் கறுப்பு முகங்களின் படங்களைப் பார்த்தான், காபி வேண்டாம் என்றான், போய்விட்டான்.

வழக்கம்போல அடியில் அவருக்கு இடம் விட்டிருக்கிறேன். இடது கையால் எழுதுகிறார், சிரிக்காதீர்கள்.

அன்புடன்,
வெர்டி

அக்கா, இவ கஞ்சியில உப்பே போடறதில்லை. — லூதர்


யூனியன்டவுன், அலபாமா
24 செப்டம்பர் 2018

வெர்டிக்கு ஐடெல்லா எழுதுவது.

கால் அப்படியேதான் இருக்கிறது, வாயும் அப்படியேதான் இருக்கிறது. நீ சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

என் தம்பியின் இடது கை எழுத்து, அவன் வலது கை எழுத்தைவிட நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னதாகச் சொல். உப்பு விஷயத்தில் அவன் சொல்வதுதான் நியாயம். டாக்டருக்குப் பயந்து மனுஷனைப் பட்டினி போடாதே.

சூட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தான் என்று படித்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. உழவு தொடங்கும் முன் வருஷா வருஷம் விவசாயக் கடன் கேட்கப் போவார். துக்க வீட்டுக்கும் அதே சூட்டுதான், கடன் ஆபீசுக்கும் அதே சூட்டுதான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நிற்பார். லூதர் கூடவே போய் நிற்பான், ஏழெட்டு வயசிருக்கும். வெள்ளைக்காரர்களுக்கு விதைப்புக்கு முன்னால் பணம் வரும். நமக்கு விதைக்கும் காலம் தாண்டி, மண் காய்ந்த பிறகு வரும். அப்படியும் அப்பா, "நல்லா உடுத்திக்கிட்டுப் போனா மதிப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே செத்தார். அந்தப் பைத்தியம் லூதருக்கும் ஒட்டிக்கொண்டது.

வங்கிக்காரன் என்ன சொன்னான் என்று உடனே எழுது. பெட்டியில் பீக்கன் கொட்டை அனுப்பியிருக்கிறேன். அவனுக்குப் பொடித்துக் கொடு, மெல்ல முடியாதே பாவம்.

உன் அண்ணி,
ஐடெல்லா


கிளீவ்லாந்து
12 அக்டோபர் 2018

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. மற்றபடி உடம்புக்குக் குறையில்லை. கொட்டை வந்து சேர்ந்தது, பொடித்துத் தருகிறேன், ஒரு கை உங்களுக்காகத் தின்றுவிட்டு ஒரு கை தனக்காகத் தின்கிறார்.

கடன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் அண்ணி. வீட்டின் மதிப்பு போதாதாம். எவ்வளவு போட்டான் தெரியுமா? அறுபத்தெட்டாயிரம் டாலர். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இதே கட்டிடக்காரன் இதே அளவில் கட்டிய வீடு வசந்த காலத்தில்தான் லட்சத்து முப்பதுக்குப் போயிற்று. அந்த வீட்டுக்கு முன்பக்க வராந்தாகூடக் கிடையாது. அங்கே இருப்பவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள். வங்கிப் பெண்ணிடம் போனில் கேட்டேன். "அக்கம்பக்கத்தைப் பொறுத்தது மேடம்" என்றாள். நாங்கள்தானே அந்த அக்கம்பக்கம்.

பார்ப் நோவாக் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடச் சமையலறையில் என்னோடு இருபது வருஷம் நின்றவள், போலந்துக்காரி, எங்கள் கல்யாண நாளுக்கு வந்து உங்களோடு சீட்டாடித் தோற்றவள். அவள் கேள்விப்பட்டதும் அழுதுவிட்டாள். பிறகு சொன்னாள்: "வெர்டி, வேற வங்கியில கேளு. ஆளு வர்ற அன்னைக்கு உங்க படத்தையெல்லாம் கழட்டிடு. நான் வந்து வீட்டுக்காரி மாதிரி கதவைத் திறக்கிறேன். நிறைய பேரு இப்படிச் செய்றாங்களாம், நானே படிச்சேன்." நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வெர்டி

வராந்தா நான் கட்டினது. அவன் அளக்கவேயில்லை. — லூதர்


யூனியன்டவுன்
23 அக்டோபர் 2018

வெர்டி,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் நலமாக இரு.

உன் முன்கூடத்தில் எங்கள் அம்மா படம் தொங்குகிறது. வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு, மடியில் கையைக் கோத்துக்கொண்டு. அந்தப் படம் எடுக்க அவள் பக்கத்து வீட்டாளிடம் காலணி இரவல் வாங்கினாள். அவளை ஆணியிலிருந்து இறக்கி, எவனோ ஒரு பயலுக்கு உன் சுவர் பிடிக்க வேண்டும் என்பதற்காக அலமாரியில் அடைக்கப் போகிறாயா? உயிரோடு இருந்தபோது அவள் வெள்ளைக்காரர் வீடுகளுக்குப் பின்வாசல் வழியாகப் போனது போதாதா? செத்த பிறகுமா?

எனக்குச் சம்மதமில்லை. சொல்லிவிட்டேன். லூதருக்கு இது தெரியுமா? அவனிடம் கேட்டாயா? அவன் சம்மதித்தால் அவன் கையால் எழுதி அனுப்பச் சொல், பார்க்கிறேன்.

கோபத்தில் எழுதுகிறேன், கோபம் உன் மேல் இல்லை. என்றாலும் இப்போதைக்கு எழுத உன்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

ஐடெல்லா


கிளீவ்லாந்து
18 நவம்பர் 2018

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள்.

கடன் கிடைத்துவிட்டது! வேறு வங்கி, வேறு ஆள். இந்தத் தடவை மதிப்பு லட்சத்து இருபத்தைந்தாயிரம். அதே சுவர், அதே கூரை, அதே ஒழுகும் குழாய். கர்த்தர் பெரியவர்.

ஆமாம், படங்களைக் கழற்றினோம். கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாவை என் கல்யாண விரிப்பில் சுற்றி என் படுக்கையின் மேல்தான் வைத்தேன், அலமாரியில் அடைக்கவில்லை. என் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகள், தலைக்குத் தடவும் எண்ணெய், சபையில் கொடுத்த விசிறி, எல்லாம் பெட்டிக்குள் போயிற்று. பார்ப் தன் பேரக்குழந்தைகளின் படங்களைக் கொண்டுவந்து மாட்டினாள். எல்லாம் மஞ்சள் தலை, ஒன்றுக்கு முன்பல் இல்லை. "இவங்களுக்கு உன் வீட்டுல என்ன வேலைன்னு எனக்கே தெரியலை வெர்டி" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். முந்தின நாள் நான் கீரை வேகவைத்த வாசனை போகவில்லை என்று அடுப்பில் இலவங்கப்பட்டையைக் கொதிக்கவைத்தோம். வந்த ஆள் அவளிடம் மூன்று தடவை "அழகான வீடு" என்றான். வராந்தாவையும் அளந்தான்.

அடுத்த வாரம் குழாய் வேலைக்காரர்களிடம் பேசப்போகிறேன். உங்கள் தம்பி தன் வீட்டிலேயே இருக்கலாம். இதுதானே நமக்கு வேண்டும்?

வேறொன்றும் விசேஷமில்லை. அவர் தூங்குகிறார்.

அன்புடன்,
வெர்டி


யூனியன்டவுன்
3 டிசம்பர் 2018

வெர்டிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். கடன் கிடைத்ததற்கு ஆண்டவனுக்கு ஸ்தோத்திரம். போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். விரிப்பில் சுற்றி வைத்தாய் என்று படித்ததும் மனசு ஆறியது. மஞ்சள் தலைப் பிள்ளைகளை நினைத்து நானும் தனியாகச் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல்.

உன் தாளின் அடியில் இரண்டு விரல் அளவுக்கு வெறும் இடம் இருந்தது. என் தம்பியின் வரி எங்கே? முப்பத்தெட்டு வருஷமாக நீ எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் அவன் ஒரு வரி போடாமல் இருந்ததில்லை. உங்கள் குழந்தை பிறந்த அன்றே போனபோதுகூட அவன் ஒரு வரி போட்டான். தூங்கினால் எழுந்த பிறகு எழுதக்கூடாதா? தபால்காரன் உன் தலைமாட்டிலா நின்றுகொண்டிருந்தான்?

படங்களைத் திரும்ப மாட்டிவிட்டாயா? அந்த ஆள் வந்த அன்றைக்கு லூதர் எங்கே இருந்தான்? நீ எல்லாவற்றையும் எழுதினாய், அதை மட்டும் எழுதவில்லை.

உன் அண்ணி,
ஐடெல்லா


கிளீவ்லாந்து
20 ஜனவரி 2019

அன்புள்ள அண்ணிக்கு,

புத்தாண்டு உங்களுக்கு ஆசீர்வாதமாக இருக்கட்டும். உங்கள் கால் எப்படி இருக்கிறது? இங்கே பனி கொட்டித் தீர்க்கிறது.

நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவரை மாடிக்கு ஏற்றும்போது படியில் சறுக்கிவிட்டார். டப்ஸ் பிடித்தும் நிற்கவில்லை. இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரியில் சரிசெய்து, அங்கிருந்து நேராகப் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கீழே குளியலறை முடியும்வரைதான். வந்துவிடுவார். நகராட்சி அனுமதிக்கு ஒரு மாசம் இழுத்தடித்தார்கள், இப்போது பனியில் சரிவுக்கு சிமெண்ட் போட முடியாது என்கிறான் மேஸ்திரி. ஆனாலும் குழாய் இறங்கிவிட்டது.

நான் தினமும் போய் ஊட்டிவிட்டு வருகிறேன். வாயைத் திறக்கிறார், சாப்பிடுகிறார். கறுப்பு சூட்டைக் கொண்டுவா என்று நர்ஸிடம் சொல்லியனுப்பினார். கொண்டுபோய்க் கட்டிலுக்கு எதிரே கொக்கியில் மாட்டினேன். அதையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

வீடெல்லாம் ஒரே தூசி. அதனால் படங்கள் பெட்டியிலேயே இருக்கின்றன.

வரி போடச் சொல்லித் தாளை நீட்டினேன் அண்ணி. பேனாவைக் கையில் வாங்கினார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெர்டி


யூனியன்டவுன்
4 பிப்ரவரி 2019

வெர்டி,

வியாழன் பஸ்ஸில் ஏறுகிறேன். டப்ஸை பஸ் நிலையத்துக்கு வரச் சொல். என் கால் வீக்கத்தைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். உனக்குச் சமைக்கவோ என்னைக் கவனிக்கவோ நேரம் இல்லை என்று தெரியும், நான் பகலெல்லாம் லூதரோடு இருந்துகொள்கிறேன். நீ வேலைக்காரர்களைப் பார்.

ஐடெல்லா


யூனியன்டவுன்
11 மார்ச் 2019

அன்புள்ள வெர்டிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வழியில் கால் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் பயங்கரமாகக் கத்தினார், நல்ல வேளை எனக்குக் காது கேட்காது. இனிமேல் பஸ்ஸில் ஏறக் கூடாதாம்.

உன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நீ இளைத்துவிட்டாய். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறாயே, அது எனக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் நான் ஒன்றும் கேட்கவில்லை, நீயும் ஒன்றும் சொல்லவில்லை.

லூதரும் நானும் பேச முடிந்ததைப் பேசினோம். அவனுக்குச் சொல் வராது, எனக்குக் காது கேட்காது. நல்ல ஜோடி. அவன் வாயருகே காதை வைத்துக்கொண்டே நாளைக் கழித்தேன்.

அவனை ஒரு வரி போடச் சொல். நான் கேட்டேன் என்று சொல்.

உன் அண்ணி,
ஐடெல்லா


கிளீவ்லாந்து
12 மே 2019

அன்புள்ள அண்ணிக்கு,

டப்ஸ் உங்கள் பக்கத்து வீட்டுக்காரிக்குப் போன் செய்து சொல்லியிருப்பார். உங்கள் தம்பி போய்ச் சேர்ந்துவிட்டார். நீங்கள் வர முடியாமல் அங்கே கிடந்து துடித்திருப்பீர்கள். நான் உடனே எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை.

நுரையீரலில் சளி கட்டியது. இரண்டாவது நாளே முடிந்துவிட்டது. கீழ்க் குளியலறையில் ஓடு பதித்து, கைப்பிடி எல்லாம் மாட்டி, சனிக்கிழமை அவரைக் கூட்டிவருவதாக இருந்தோம். வாசல் சரிவில் முதன்முதலில் ஏறியது, அடக்கம் முடிந்து சபைப் பெண்கள் தள்ளுவண்டியில் கொண்டுவந்த சாப்பாட்டுப் பாத்திரங்கள்தான். கோழிக்கறி, கீரை, சோள ரொட்டி. "எவ்வளவு வசதியா இருக்கு வெர்டி" என்று யாரோ சொன்னார்கள். நான் எழுந்து அந்தப் புதுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உங்களிடம் இதைச் சொல்லாமல் என்னால் தூங்க முடியவில்லை. நீங்கள் டிசம்பரில் கேட்டீர்கள், அன்றைக்கு லூதர் எங்கே இருந்தான் என்று.

நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார். வெள்ளையடிக்கப் போகிறோம், அதனால் படங்களைக் கழற்றுகிறோம் என்று பொய் சொன்னேன். காலையில் டப்ஸோடு சலூனுக்கு அனுப்பினேன். வெளியே போவதென்றால் அவருக்கு சூட்டு வேண்டுமே, போட்டு அனுப்பினேன். நானும் போயிருக்க வேண்டும். என் வீட்டை எவனோ பார்க்கும்போது எங்கேயோ போய் நிற்க மனசு வரவில்லை. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, வேலைக்காரி மாதிரி முன் ஜன்னலைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தேன்.

டப்ஸ் வாய் சும்மா இருக்குமா? சலூனில் உளறிவிட்டார், இன்றைக்கு வங்கி ஆள் வருகிறான் என்று. அதற்குப் பிறகு உங்கள் தம்பி நாற்காலியில் உட்காரமாட்டேன் என்றாராம். "வீட்டுக்காரன்... இல்லாம... எப்படிப் பார்ப்பான்?" என்று ஒரே பிடி. டப்ஸ் பயந்துபோய்த் திரும்பக் கூட்டிவந்துவிட்டார்.

வராந்தாவுக்குக் கீழே சக்கர நாற்காலி வந்து நின்றது. பாதி முடி வெட்டியபடி, சூட்டு, டை. வந்த ஆள் அளவுநாடாவோடு வராந்தாவில்தான் நின்றான். உங்கள் தம்பி அவனைப் பார்த்ததும் இடது கையால் தொப்பியை எடுத்தார், உங்கள் அப்பா எடுத்த மாதிரி. அந்த ஆள் உள்ளே திரும்பி, "யார் இவர்? உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றான். பார்ப் வெளுத்துப்போய் நின்றாள்.

நான் பேசினேன் அண்ணி. துணியைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக, அவர் முகத்தைப் பார்த்து. "இல்லைங்க. யாருன்னு தெரியலை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த ஆளைப் பார்த்து, தடங்கல் இல்லாமல், ஜூனுக்குப் பிறகு அவ்வளவு நீளமாக அவர் பேசியதே இல்லை, "மன்னிக்கணும் சார். வீடு மாறி வந்துட்டேன்" என்றார். தொப்பியை வைத்துக்கொண்டார். டப்ஸ் நாற்காலியைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. என்னைப் பார்க்கவைத்துத் தண்டிக்கத்தான் அந்த சூட்டைக் கொண்டுவரச் சொன்னார். அதிலேயே அவரை அடக்கம் பண்ணினேன். அவர் வீட்டில் அவரை வைத்துக்கொள்ளத்தான் செய்தேன், அவர் வீட்டிலிருந்து நானே அவரை அனுப்பிவிட்டேன். மன்னிக்காமலே போய்விட்டார். நீங்கள் மன்னிக்க வேண்டாம், திட்டி எழுதுங்கள். யாராவது என்னைத் திட்ட வேண்டும்.

வெர்டி


யூனியன்டவுன்
9 ஜூன் 2019

என் அன்புள்ள வெர்டிக்கு,

நீ சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? அதை முதலில் எழுது. உன் கடிதம் வந்து மூன்று வாரம் அதை பைபிளுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதில் எழுதாமல் உன்னைத் தவிக்கவிட நினைக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குத் தெரியும் வெர்டி. பிப்ரவரியிலேயே தெரியும். அவனே சொன்னான்.

ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று அவனுக்கு அதைச் சொல்லி முடிக்க. வராந்தா, அந்த ஆள், நீ சொன்னது. நான் உன்னைப் பற்றி வாயைத் திறப்பதற்குள் கையைப் பிடித்துக்கொண்டான். "அவ துணியை... பிழிஞ்சுக்கிட்டே நின்னா அக்கா. நான் பார்த்தேன். மாட்டிக்குவா... அதான்... வீடு மாறிட்டேன்னு... சொன்னேன்." உனக்குக் கை கொடுக்கத்தான் அந்த நீளப் பேச்சு பேசினான். அவ்வளவு தெளிவாக எப்படி வந்தது என்று அவனுக்கே ஆச்சரியம். சொல்லிவிட்டுச் சிரித்தான், அந்தக் கோணல் வாயோடு.

கோபம் இல்லையா என்று கேட்டேன். இருந்ததாம். அந்த வங்கி ஆள் மேல் இருந்தது, படம் கழற்றச் சொன்ன உலகத்தின் மேல் இருந்தது. உன் மேலும் கொஞ்ச நாள் இருந்தது, நான் பொய் சொல்லமாட்டேன். பிறகு வெட்கம். உன் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவானாம். நீ ஊட்டும்போது பேசாமல் வாயைத் திறந்ததெல்லாம் அதனால்தான். இத்தனை வருஷம் உன் முன்னால் அழாத பயல், இப்போதா அழுவான்?

அந்த சூட்டு உன்னைத் தண்டிக்க இல்லையடி பைத்தியக்காரி. சரிவு முடிந்ததும் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவதற்கு. "முன்வாசல் வழியா" என்றான். தினமும் நர்ஸிடம் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வானாம்.

ஏன் எனக்கு வரி போடவில்லை என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எழுதினா... அதைத்தான் எழுதுவேன். நீ... அவளைத் திட்டுவே." உன்னிடம் இதைப் பற்றிக் கேட்கக்கூடாது, நீயாகச் சொன்னால் ஒழிய, என்று என்னிடம் சத்தியம் வாங்கினான்.

அப்படியிருந்தும் மார்ச்சில் நான் உனக்கு என்ன எழுதினேன்? அவனை ஒரு வரி போடச் சொல் என்று எழுதினேன். வேண்டுமென்றுதான் எழுதினேன். என் தம்பியைத் தெரியாது என்று சொன்னவளுக்குக் கொஞ்சம் குத்தட்டும் என்று நினைத்தேன். அவன் மன்னித்துவிட்டான், நான்தான் மன்னிக்கவில்லை. அவன் உயிரோடு இருக்கும்போதே இந்தக் கடிதத்தை நான் எழுதியிருந்தால் நீ ஓடிப்போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். நீங்கள் இரண்டு பேரும் ஒரு தடவையாவது சேர்ந்து அழுதிருப்பீர்கள். அதை நான் கெடுத்துவிட்டேன்.

நீ திட்டச் சொன்னாய். என்னால் முடியாது. வேண்டுமானால் நீ என்னைத் திட்டு.

ஐடெல்லா


கிளீவ்லாந்து
30 ஜூன் 2019

அன்புள்ள அண்ணிக்கு,

சாப்பிடுகிறேன். தூக்கம் இனிமேல்தான் வர வேண்டும். உங்கள் கால் எப்படி இருக்கிறது?

கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள் மேல் மகா கோபம் வந்தது. தாளைக் கிழிக்கப்போனேன். அதில் அவர் பேசிய சொல் இருக்கிறது, எப்படிக் கிழிப்பேன்? அதைப் படித்துப் படித்து அழுது தீர்த்தபிறகு, எனக்கு உங்களைத் தவிரவும் உங்களுக்கு என்னைத் தவிரவும் அவரைப் பற்றிப் பேச யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. விடுங்கள். அவர் நம் இரண்டு பேரையும் பற்றி நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்.

நேற்று பார்ப் வந்தாள். இரண்டு பேருமாகப் படங்களை மாட்டினோம். அம்மா பழைய ஆணிக்கே போய்விட்டார். பக்கத்தில் உங்கள் தம்பியை மாட்டினேன், அதே சூட்டில், கதவைத் திறந்ததும் தெரிகிற மாதிரி. கடன் தவணைக்கு வங்கியிலிருந்து யார் வந்தாலும் முதலில் அவரைத்தான் பார்த்தாக வேண்டும். வீடு அறுபத்தெட்டாயிரமே ஆகிவிட்டுப் போகட்டும். பார்ப் ஏணியில் நின்றுகொண்டே அழுதாள், ஆணியைக் கோணலாக அடித்துவிட்டாள். அப்படியே விட்டுவிட்டேன்.

கஞ்சிக்கு உப்புப் போட ஆரம்பித்துவிட்டேன். இன்னும் இரண்டு பேருக்குத்தான் வைக்கிறேன்.

பழக்கதோஷம், பாருங்கள், தாளின் அடியில் இரண்டு விரல் இடம் விட்டுவிட்டேன். அதில் எழுத எனக்கு மனசு வரவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

அன்புடன்,
வெர்டி